இரத்தம் காட்டும் குறியும் நாம் கூறும் தீர்ப்பும்

தலையில் அடிபட்டு நினைவிழந்தவரின் உறவினர் முதலில் கேட்பது, "பிழைப்பாரா? பழைய நிலைக்குத் திரும்புவாரா?" என்பதே. 1974ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகர மருத்துவர்களான டீஸ்டேலும் ஜென்னட்டும் வகுத்த உணர்வுநிலை அளவுகோல் இவ்வினாவிற்கு ஓரளவு விடை தந்தது. இன்று இரத்தத்தின் சில துளிகளும் விடைகூற முன்வந்துள்ளன.

மூளை காயமுறும்போது அதன் உயிரணுக்களிலுள்ள சில புரதங்கள் கசிந்து இரத்தத்தில் கலக்கின்றன. நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் விண்மீன் வடிவ அணுக்களிலிருந்து வருவது ஜி.எஃப்.ஏ.பி.; நரம்பணுக்களிலிருந்து வருவது யூ.சி.எச்.-எல்1. இவ்விரண்டையும் அளக்கும் சோதனைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018ஆம் ஆண்டில் இசைவளித்தது. ஆயினும் அவ்விசைவு, வயது வந்தோருக்குத் தலையினுள் ஊடுகதிர்ப்படம் எடுக்க வேண்டுமா என்று தீர்மானிப்பதற்கே. அவர் குணமடைவாரா என்று கூறுவதற்கன்று.

குணமடைவதைப் பற்றிய ஆராய்ச்சி வேறு. அமெரிக்காவில் நிகழ்ந்த டிராக்-டிபிஐ ஆராய்ச்சியின் முடிவுகள் 2022ஆம் ஆண்டில் வெளியாயின. 1,696 பேரின் முதல்நாள் இரத்தத்தை, ஆறு மாதங்களுக்குப் பின் அவர்கள் இருந்த நிலையோடு ஒப்பிட்டனர். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பது 0.5 என்றும், முற்றும் சரியாகப் பிரித்தறிவது 1 என்றும் கொண்டால், மரணத்தை முன்னறிவதில் ஜி.எஃப்.ஏ.பி. 0.87 பெற்றது. முழுக்குணம் அடையாதவர் எவர் என்பதை அறிவதிலோ 0.62 மட்டுமே பெற்றது.

இவ்வேற்றுமையை நாம் மறத்தலாகாது. இத்தகைய கட்டுரைகளை மொழிபெயர்க்குங்கால் 'முன்னறிவிப்பு' என்னும் சொல்லை எழுத என் கை தயங்குவதுண்டு. நம் மக்கள் அதனைச் சோதிடமாகவே கொள்வர். 'குறிகாட்டி' என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. குறி வேறு, தீர்ப்பு வேறு. எண் உயர்ந்திருப்பதைக் கண்டு சிகிச்சையைக் கைவிடுவதும், தாழ்ந்திருப்பதைக் கண்டு அசட்டையாயிருப்பதும் ஒருங்கே தவறாகும்.

களப் பணியாளர் அடிபட்ட நேரத்தைத் தவறாது குறித்தனுப்புதல் வேண்டும். யூ.சி.எச்.-எல்1 சுமார் 8 மணி நேரத்திலும், ஜி.எஃப்.ஏ.பி. சுமார் 20 மணி நேரத்திலும் உச்சத்தை எய்துகின்றன. எனவே நேரமறியாத எண்ணால் பயன் குறைவு. ஆசிரியர்களுக்கும் கடமை உண்டு. லேசான அடிக்குப்பின் பள்ளிக்குத் திரும்பிய மாணவன் தலைவலி, மறதி, எரிச்சல் ஆகியவற்றால் துன்புற்றால், "சோதனையில் ஒன்றுமில்லையே" என்று அவனைக் கடிந்துகொள்ளாது, மீண்டும் மருத்துவரிடம் அனுப்புக. இரத்தம் காட்டாத துன்பத்தை நாள்தோறும் அவனைக் காணும் ஆசிரியர் கண்டுகொள்ள இயலும்.