பழைய மோட்டாரும் வெடித்த டயாப்ரமும்

பழுதான உறுப்பைக் கழித்துவிட்டுப் புதியதைப் பூட்டுவதே அறிவுடைமை என்னும் கொள்கை இக்காலத்தில் மிகவும் வலுத்து வருகின்றது. சங்கரன்கோவில் போன்றதோர் ஊரில் பழைய மோட்டார் வண்டி வைத்திருப்போர்க்கு அக்கொள்கை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை மிகச் சிறிய உறுப்பு ஒன்றைக் கொண்டு ஆராயப் புகுகின்றோம்.

1995-ஆம் ஆண்டு முதற் சில காலம் புனே நகரிற் பூட்டி விற்கப்பட்ட மெர்ஸிடிஸ்-பென்ஸ் டபிள்யூ 124 என்னும் வண்டியை வாசகரிற் சிலர் கண்டிருக்கலாம். அதன் ஏ.ஸி. காற்றை முகத்திற்கோ, காலடிக்கோ, முன்கண்ணாடிக்கோ திருப்புவன டேஷ்போர்டினுள் மறைந்துள்ள சிறு கதவுகளாம். இவற்றை அசைப்பது எஞ்சினின் உறிஞ்சும் வன்மையே. வெளிக்காற்றின் அழுத்தம் பாதரசக் கணக்கில் ஏறக்குறைய 30 அங்குலம். பெட்ரோல் எஞ்சின் மெல்ல ஓடுங்கால் அதன் உள்வாங்கு குழாயில் அழுத்தம் அதனினும் 18 முதல் 20 அங்குலம் குறைந்து நிற்கும். டீசல் எஞ்சினில் இக்குறைவு தானே உண்டாகாமையின் தனியே ஒரு வாக்குவம் பம்பு வைத்திருக்கின்றனர். அவ்வுறிஞ்சுதல் மெல்லிய குழாய் வழியே ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தை அடையவே, அதனுள் இருக்கும் ரப்பர்ச் சவ்வு இழுபட்டு ஒரு கம்பியை இழுக்கின்றது, கதவு திரும்புகின்றது. இச்சவ்வையே மெக்கானிக்குகள் டயாப்ரம் என்பர்.

கெடுவது பெரும்பாலும் இச்சவ்வு ஒன்றே. கிண்ணமும் கம்பியும் குறைவின்றி இருக்க, ரப்பர் மட்டும் காய்ந்து வெடித்துவிடுகின்றது. சித்திரை வெய்யிலில் ஏ.ஸி. நன்கு குளிர்ந்தும், காற்று முகத்திற்கு வாராமல் வேறு வழியே போகுமாயின், காஸ் நிரப்பச் சொல்லுமுன் சவ்வைச் சந்தேகிப்பது நலம்.

நம் பக்கத்துத் தேவாலயங்களில் மிதித்து வாசிக்கும் பழைய அமெரிக்கன் ஆர்கனும் காற்றை ஊதாமல் உறிஞ்சியே ஒலிப்பது. அதன் துருத்தித் துணி கிழிந்தால் துணியை மாற்றினார்களேயன்றி ஆர்கனைக் குப்பையிலே போட்டவர் எவருமிலர். நம் ஊர் விசைத்தறிக்காரரும் தேய்ந்த உறுப்பை மாற்றுவாரேயன்றித் தறியை மாற்றார். மோட்டார்க் கிண்ணத்திற்கு மட்டும் வேறு நியாயம் எதற்கு?

எதிர்க்கட்சியார் கூறுவதிலும் உண்மையுண்டு. கிண்ணம் அற்பம், அதை எடுக்க டேஷ்போர்டு முழுவதையும் கழற்றவேண்டும். செலவிற் பெரும்பகுதி அவ்வேலைக்கே போகின்றது. ஒட்டிய சவ்வு மறுவருஷமே விட்டுப்போனால் இருமுறை கூலி கொடுத்தவராவோம். ஆதலின் அவர்கள் புதியதையே பூட்டச் சொல்கின்றனர். ஆனால் அப்புதியது எவ்வளவு புதியது? இவ்வண்டி ஜெர்மனியிற் பிறந்தது 1984-இல். இந்தியாவிலும் அதன் உற்பத்தி நின்று நெடுங்காலமாயிற்று. பல்லாண்டு பெட்டியிற் கிடந்த ரப்பரும் பூட்டிய ரப்பரைப்போல மூப்படைவதே. உறையின் பெயரைக் கண்டு மயங்காமல், அண்மையில் உற்பத்தியானது என்பதற்கு அடையாளம் உண்டாயின் வாங்குக. இன்றேல் கைவந்த மெக்கானிக் புதுப்பித்த கிண்ணமே மேல் என்பது நம் அபிப்பிராயம்.

கைவந்த என்னும் சொல்லை வேண்டுமென்றே இட்டோம். சைக்கிள் டியூபை வட்டமாய் வெட்டி ஒட்டுவது புதுப்பித்தல் ஆகாது. மூலச் சவ்வு மடிப்புடன் வார்க்கப்பட்டது. அம்மடிப்பு விரியும் அளவே கம்பி நகரும். தட்டையான கனத்த ரப்பர் காற்றைத் தடுத்து நிறுத்தினும், கம்பியை முழுத்தூரம் இழுக்கவிடாது. கதவு பாதியில் நின்றுவிடும். மடிப்புள்ள சவ்வையே இட்டு, விளிம்பைக் காற்றுப் புகாமல் இறுக்கி, பூட்டுமுன் கைப்பம்பினால் 15 அங்குலம் உறிஞ்சிப் பார்த்தல் வேண்டும். ஐந்து நிமிஷம் முள் இறங்காது நின்றாற்றான் கிண்ணம் உள்ளே போகலாம். இச்சோதனையைச் செய்ய மறுக்கும் பட்டறைக்கு வண்டியைக் கொடாதிருத்தல் உத்தமம்.

ஏ.ஸி. தானே என்று அலட்சியம் செய்வோர்க்கும் ஒரு வார்த்தை. 1976-இல் வெளிவந்த டபிள்யூ 123 டீசல் வண்டிகளில் எஞ்சினை நிறுத்துவதும், கதவுப்பூட்டுகளை இயக்குவதும் இதே வாக்குவந்தான். எங்கோ ஒரு சவ்வு கசிந்தால் சாவியைத் திருப்பியும் எஞ்சின் நில்லாமல் ஓடிக்கொண்டிருப்பதுண்டு.

இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையத் தளம் திறந்து, அதில் மோட்டார் வாகனங்களையும் சேர்த்தது. வரவேற்கத்தக்கதே. எனினும், உறுப்பைத் திறந்து பார்க்கவே அஞ்சும் பட்டறைப் பையனுக்கு உரிமையால் வரும் பயன் யாது? பௌதிக வகுப்பிலே பாதரசமானியைக் கண்ட நம் மாணவர் விடுமுறையில் ஊர்ப் பட்டறைகளுக்குச் சென்று, கைப்பம்பின் முள் காட்டுவது இன்னதென்று விளக்கினால், அங்குள்ளார் கைத்திறனையும் தாம் கற்றுத் திரும்பலாம். டேஷ்போர்டு கழற்றிய அன்று ஒரு கிண்ணத்தோடு நில்லாமல் எல்லாவற்றையும் சோதித்து, வெடித்தவற்றுடன் விறைத்தவற்றையும் அப்போதே புதுப்பிக்கும்படி சொல்லிவைத்தல் அவசியம். கழித்த கிண்ணங்களையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்க, அடுத்த வண்டிக்கு அவற்றின் கூடு உதவும்.