ஒரகடத்து மாட்டு வயிறும் ஒரு முனைவர் பட்டமும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் சாயங்கால ஷிப்ட் முடிகிற நேரத்தில் போய்ப் பார்த்தால் தெரியும். ஒரகடம் சந்திப்புக்கு முன்னும் பின்னும் கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கும், ஹாரன் காதைப் பிளக்கும். நடுவில் சென்டர் மீடியனில் நாலு மாடுகள் நிம்மதியாகப் படுத்து அசை போட்டுக்கொண்டிருக்கும். பஸ்ஸில் இருப்பவர்களுக்கு ஒரே கேள்விதான்: "இது யார் வீட்டு மாடு? கட்டி வைக்க மாட்டாங்களா?"

அதைவிட உருப்படியான கேள்வி ஒன்று உண்டு. அந்த மாட்டின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது?

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலைக்கு 1996-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது, 2014-ல் மூடியும் போனது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான், பிறகு டைம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ் என்று வரிசை கட்டி வந்தன. வேலை கிடைத்தது, வாடகை ஏறியது, நிலத்தின் விலை எங்கேயோ போனது. மாட்டுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை! நேற்று வரை புல் மேய்ந்த இடத்தில் இன்று காம்பவுண்டு சுவர் நிற்கிறது. அது சுவரோரம் மேய்கிறது, டீக்கடைக்குப் பின்னால் மேய்கிறது, குப்பை மேட்டில் மேய்கிறது.

மாடு மேய்கிற விதத்தைக் கவனித்தால் பிரச்சினை புரியும். ஆடு உதட்டால் பொறுக்கிப் பொறுக்கித் தின்னும். மாடு அப்படி இல்லை, நாக்கைச் சுழற்றி வாரி உள்ளே இழுக்கும். முதல் தடவை சரியாக மெல்லாமல் விழுங்கிவிட்டு, பிறகு சாவகாசமாக அசை போடும். புல்லோடு ஒரு ஆணியோ கம்பித் துண்டோ வந்தால் அதுவும் உள்ளே போய்விடும். கனமான பொருள் இரண்டாவது அறையில் போய்த் தங்கும். தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும் அறை அது. வயிறு சுருங்கிச் சுருங்கி வேலை செய்யும்போது கம்பியின் முனை முன்பக்கச் சுவரில் குத்துகிறது. அந்தச் சுவருக்கு முன்னால் உதரவிதானம். அதைத் தாண்டினால் சில சென்டிமீட்டர் தூரத்தில் இதயம்.

இதைப் பாடப்புத்தகத்தில் ஒரு நீளமான பெயரில் சொல்வார்கள். பேச்சு வழக்கில் 'ஹார்டுவேர் டிசீஸ்'. பால் திடீரென்று குறையும். முழங்கையை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு நிற்கும், பள்ளத்தில் இறங்க மறுக்கும். கம்பி இதய உறையைத் தொட்டுவிட்டால் அலைதாடியில் நீர் கோத்துக்கொள்ளும். அந்தக் கட்டத்தில் டாக்டரைக் கூப்பிட்டால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். சினை மாடு என்றால் ஆபத்து இன்னும் அதிகம், வளரும் கன்று வயிற்றை முன்னால் தள்ளும்.

பிளாஸ்டிக் கதை தனி. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியில் ஒரு பசுவுக்கு ஐந்து மணி நேரத்துக்கும் மேல் அறுவை சிகிச்சை செய்து, வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். திருமுல்லைவாயல் பக்கத்து மாடு. செய்தித்தாளில் படம் வந்தது, எல்லோரும் 'ஐயோ பாவம்' என்றார்கள். அதோடு சரி.

இந்த இடத்தில்தான் பி.எச்டி. வருகிறது.

கால்நடை மருத்துவத்தில் முனைவர் பட்டம் என்றாலே நண்பர்கள் கூட்டத்தில் ஒரு நக்கல் உண்டு. "ஏற்கெனவே பேருக்கு முன்னால டாக்டர் போட்டுக்கிறீங்க, இன்னொரு டாக்டர் எதுக்கு?" சிரிப்பு வரலாம், ஆனால் கணக்குப் போட்டால் சிரிப்பு நின்றுவிடும். இளநிலைப் படிப்பு, ஒரு வருட உள்ளிருப்புப் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருடம். எம்.வி.எஸ்சி. இரண்டு வருடம். பி.எச்டி. குறைந்தது மூன்று வருடம். ஆகப் பத்தரை வருடம், அதுவும் எதிலும் தடங்கல் இல்லாமல் இருந்தால். தேசிய அளவிலான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். அது கிடைப்பவர்கள் எத்தனை பேர்? கிடைக்காதவர்கள் வீட்டில் பணம் கேட்கும்போது, அதே வயதுப் பையன் ஒரகடத்தில் டிப்ளமோ முடித்து ஏழெட்டு வருட சர்வீஸ் போட்டிருப்பான். அம்மா அப்பா ஒப்பிடாமல் இருப்பார்களா?

அப்படியிருந்தும் படிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1987-ல் விழுப்புரம் பக்கம் அரசூர் என்ற ஊரில் ஆடுகள் செத்துக்கொண்டிருந்தன. ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலில் பதிவானது அங்கேதான். அந்தக் கிருமியை எடுத்து வளர்த்துத் தடுப்பூசியாக்கியது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம். 'அரசூர் 87' என்று அந்த ஊரின் பெயரே ஆராய்ச்சி உலகில் நிலைத்துவிட்டது. இன்னொன்று கழுகுகள். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலி ஊசிதான் செத்த மாட்டைத் தின்ற கழுகுகளைக் கொன்றது என்று 2004-ல் கண்டுபிடித்தார்கள். 2006-ல் இந்தியா அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. இரண்டிலும் யாரோ ஒருவர் செத்த உடலைத் திறந்து பார்த்து, பொறுமையாகக் குறித்து வைத்ததுதான் ஆரம்பம்.

அப்படியானால் ஒரகடத்து மாட்டைத் திறந்து பார்ப்பது யார்? ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் தூரத்தில் இல்லை. ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் காட்டுப்பாக்கத்தில் பல்கலைக்கழகத்தின் முதுநிலை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. சிங்கப்பெருமாள் கோயிலில் திரும்பினால் ஒரகடம். ஆனால் ஆய்வுத் தலைப்பு என்று வரும்போது எது சுலபம் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். பண்ணை மாடு ஓரிடத்தில் நிற்கும், தீவன அளவு தெரியும், புள்ளியியல் கணக்கு அழகாக வரும். தெரு மாட்டை வைத்துக்கொண்டு ஆய்வு செய்வது தலைவலி. இன்று ரத்தம் எடுத்த மாடு அடுத்த மாதம் எங்கே இருக்குமோ!

தலைவலிதான், மறுக்க முடியாது. ஆனால் பதில் தெரியாத கேள்வி அங்கேதான் கிடக்கிறது. ஒரு உதாரணம். ஹார்டுவேர் நோயைத் தடுக்க மாட்டுக்குக் காந்தம் விழுங்கக் கொடுப்பது பல நாடுகளில் பழைய வழக்கம். காந்தம் இரண்டாவது அறையிலேயே தங்கி, ஆணியையும் கம்பியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நல்ல யோசனை. ஆனால் காந்தம் இரும்பைப் பிடிக்கும், செம்பைப் பிடிக்காது, அலுமினியத்தைப் பிடிக்காது, பல வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் பிடிக்காது. எரித்த டயரிலிருந்து வரும் எஃகுக் கம்பி என்றால் காந்தம் உதவும். ஒயர் துண்டில் இருக்கும் செம்பு என்றால் உதவாது. காரும் செல்போனும் டயரும் செய்கிற இந்த வட்டாரத்தின் மாட்டு வயிற்றில் எது அதிகம்? இந்த ஒரு கேள்விக்கே மூன்று வருட உழைப்பு தேவைப்படும். பதில் கிடைத்தால் ஒரு காந்தத்தின் விலையில் எத்தனையோ மாடுகள் பிழைக்கும், அல்லது காந்தம் வீண் என்று தெரிந்து வேறு வழி தேடலாம்.

மனிதர்களுக்கு இதில் என்ன என்று கேட்பவர்கள் வண்டலூரை நினைத்துக்கொள்ளலாம். 2021 மே, ஜூன் மாதங்களில் அங்குள்ள உயிரியல் பூங்காவில் சிங்கங்களுக்குக் கொரோனா வந்தது. மாதிரிகள் போபால் வரை போயின. 9 சிங்கங்களுக்குத் தொற்று உறுதியானது, நீலா என்ற பெண் சிங்கம் ஜூன் 3-ஆம் தேதி இறந்தது. நோய்க்கு மனிதன், மிருகம் என்ற வேலி கிடையாது. அந்தப் பூங்கா இருப்பதும் இதே ஒரகடம் சாலையின் தொடக்கத்தில்தான்.

ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. மாடு வைத்திருப்பவர்கள் எதற்கு ஒத்துழைக்க வேண்டும்? மேய்ச்சலுக்கு இடமில்லாமல் தெருவில் விட்டவருக்கு, படித்த பிள்ளை ஒருவர் வந்து 'உங்கள் மாட்டு வயிற்றில் என்ன' என்று கேட்டால், அபராதம் போட வந்த ஆள் என்றுதான் தோன்றும். அந்தப் பயம் போக மாதக்கணக்காகும். அந்த மாதங்களை எந்த ஆய்வுத் திட்டப் படிவத்திலும் கணக்கில் காட்ட முடியாது. பால் கறக்கிற நேரத்துக்கு, விடியற்காலை ஐந்து மணிக்கு, சொசைட்டி வாசலில் போய் நிற்க வேண்டும். முதல் ஒரு மாதம் நோட்டுப் புத்தகத்தை வெளியே எடுக்காமல் இருந்தால் நல்லது. யாராவது ஒருவர், "நம்ம மாடு ரெண்டு நாளா இறக்கத்துல இறங்க மாட்டேங்குது, கொஞ்சம் பாருங்க சார்" என்று சொல்லும் வரைக்கும்.