ஒரு நிரல், இருவகைக் கைப்பேசி



சாரல் காலம் தொடங்கிவிட்டால் நம் மேலகரம் வழியாகக் குற்றாலத்திற்குச் செல்லும் வண்டிகளுக்குக் கணக்கே இல்லை. பல ஊர்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர். அவர்கள் கையில் இருக்கும் கைப்பேசிகளும் பலவிதம். ஒருவரிடம் விலையுயர்ந்த ஐபோன். மற்றொருவரிடம் மகன் பயன்படுத்திக் கழித்த பழைய ஆண்ட்ராய்டு. ஆனால் அருவியில் வெள்ளம் வரும்போது இந்த வேறுபாடுகளைப் பார்த்தா வருகிறது?

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்து, 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்ததை நாம் மறக்க முடியாது. ‘இன்று குளிக்கத் தடை’ என்ற செய்தி, வருகின்ற அனைவருக்கும் ஒரே நேரத்தில் கிடைக்க ஒரு கைப்பேசிச் செயலி துணை செய்யுமல்லவா? அத்தகைய செயலியை மாணவியராகிய நாமே செய்யப் பழகலாம். அதற்கு, ஒரே நிரலை எழுதி இருவகைக் கைப்பேசியிலும் இயங்கச் செய்யும் முறையே ஏற்றது என்பது என் கருத்து.

ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் தனித்தனிச் செயலிக் கடைகள் 2008-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டன. ஆண்ட்ராய்டுக்கு ஜாவா அல்லது கோட்லின் மொழியிலும், ஐபோனுக்கு ஸ்விஃப்ட் மொழியிலும் தனித்தனியே எழுதுவது வழக்கம். ஒரே பாடத்தை இரண்டு நோட்டுகளில் எழுதுவது போன்ற வேலை இது. ஒன்றில் பிழையைத் திருத்திவிட்டு, மற்றொன்றில் திருத்த மறந்துவிடுவதும் உண்டு. இத்தொல்லையைக் குறைக்க 2015-இல் பேஸ்புக் நிறுவனம் ‘ரியாக்ட் நேட்டிவ்’ என்ற கருவியை வெளியிட்டது. கூகுள் நிறுவனத்தின் ‘ஃபிளட்டர்’ 2018 டிசம்பரில் முழுமையாக வெளிவந்தது. இவ்விரண்டும் விலையின்றிக் கிடைக்கின்றன.

ஃபிளட்டரில் தொடங்குவது கடினமன்று. கணிப்பொறியில் ஃபிளட்டரையும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவையும் நிறுவிக்கொள்ள வேண்டும். பிறகு ‘ஃபிளட்டர் டாக்டர்’ என்று கட்டளையிட்டால், வைத்தியர் நாடி பார்ப்பதுபோல், எது சரியாக இருக்கிறது, எது குறைகிறது என்று அதுவே சொல்லிவிடும். நிரலை டார்ட் என்னும் மொழியில் எழுதுகிறோம். ஓர் எழுத்தை மாற்றிச் சேமித்தால், இயங்கிக்கொண்டிருக்கும் செயலியிலேயே அம்மாற்றம் உடனே தெரியும். கற்பவருக்கு இதைவிட ஊக்கம் வேறென்ன வேண்டும்?

எனினும் இம்முறையில் குறையே இல்லை என்று நான் கூற மாட்டேன். நிரல் ஒன்றானாலும் செலவு ஒன்றாவதில்லை. ஐபோனுக்கான செயலியை உருவாக்க மேக் கணிப்பொறியும் எக்ஸ்கோட் மென்பொருளும் தேவை. ஆப்பிளின் கடையில் வைக்க ஆண்டுதோறும் 99 டாலர் செலுத்த வேண்டும். கூகுளின் கடைக்கோ ஒரே முறை 25 டாலர் போதும். அறிவிப்பு அனுப்புவதற்கான ஏற்பாடுகளையும் இருவகைக்கும் தனித்தனியே செய்துகொள்ள வேண்டும்.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் ஆண்ட்ராய்டில் முடித்துக்கொள்வோம். மேக் கிடைக்கும் நாளில் பெரும்பகுதி நிரலை மீண்டும் எழுதத் தேவையிராது. செய்த செயலியைப் புதிய கைப்பேசியில் மட்டும் ஓட்டிப் பார்த்து மகிழக் கூடாது. வீட்டிலுள்ள மிகப் பழைய கைப்பேசியிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதில் திணறினால் எல்லாருக்குமான செயலி என்று எப்படிச் சொல்வது? மேலும், கூட்டம் மிகுந்த இடத்தில் சிக்னல் கிடைக்காமற் போகலாம். ஆகவே அருவிக்கரை அறிவிப்புப் பலகையும் காவலரின் விசிலும் என்றும் தேவையே. தடை விதிப்பது அதிகாரிகளின் பொறுப்பு. அச்செய்தியை விரைவாகக் கொண்டு சேர்ப்பது மட்டுமே செயலியின் வேலை.

“இதெல்லாம் சென்னையிலும் பெங்களூரிலும் நடக்கும் வேலை” என்று சிலர் கூறுவர். நம் மத்தளம்பாறையில் 2011-ஆம் ஆண்டிலேயே சோஹோ நிறுவனம் தன் அலுவலகத்தைத் தொடங்கியது. அந்நிறுவனம் 2021-இல் வெளியிட்ட ‘அரட்டை’ செயலி, 2025-இல் நாடெங்கும் பேசப்பட்டது. அதுவும் இருவகைக் கைப்பேசியிலும் இயங்குகிறது. சிற்றூரில் இருந்தும் இத்துறையில் உழைக்கலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? பின், படிப்பு முடிந்ததும் ஊரைவிட்டுப் போயே ஆக வேண்டும் என்று பெண்களாகிய நாம் ஏன் எண்ண வேண்டும்?

நம் பள்ளியில் வாரத்தில் ஒரு பாடவேளையும் ஒரு கணிப்பொறியும் இதற்கென ஒதுக்கப்பட்டால் போதும். முதலில் பேருந்து நேரம், விடுமுறை அறிவிப்பு போன்ற சிறு செயலிகளைச் செய்து பழகுவோம். சிறு துளி பெரு வெள்ளம் அல்லவா? தோழியரே, பிறர் செய்த செயலிகளை விரலால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தது போதும். நம் ஊருக்கு வேண்டியதை நாமே செய்யக் கற்றுக்கொள்வோம். அது ஏழையின் கைப்பேசியிலும் இயங்கும்படி செய்வோம்.