இசட் புள்ளியும் எமது பிள்ளைகளும்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு இன்றோ நாளையோ வெளிவரும் என்ற பேச்சு எழுந்துவிட்டால் எமது ஊரில் உறக்கம் குறைந்துவிடுகின்றது. நேர்த்திக்கடன்கள் கூடுகின்றன, பிள்ளையார் முன்றிலிற் சிதறுதேங்காய் பெருகுகின்றது. கேம்பிரிட்ஜ் சீனியர், லண்டன் மற்றிக்குலேஷன் முதலாய பரீட்சைகளை எழுதிய எமது மூத்தோரும் இவ்வேக்கத்தை அறிந்தவர்களே. அவர்களுடைய விடைத்தாள்கள் கப்பலேறிச் சீமைக்குச் சென்றன. பெறுபேறு கடல் கடந்து வருமளவும் அவர்கள் காத்திருந்தனர். இக்காலத்து மாணவன் தன் சுட்டெண்ணைக் கைத்தொலைபேசியில் இட்டவுடன் பெறுபேறு கண்முன் வந்து நிற்கின்றது. ஆயினும் காத்திருக்குங் காலம் குறைந்தபாடில்லை. 2022ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2023 ஜனவரியிலும் பெப்ரவரியிலுமே நடைபெற்றது. பெறுபேறு அவ்வாண்டு செப்டெம்பரில் வந்தது. அது வந்த பின்னரும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெட்டுப்புள்ளிகளை வெளியிடுமளவும் மற்றொரு காத்திருப்பு உண்டு. கையில் ஓர் எண் இருக்கும். அதன் பொருள் இன்னதென்பது வீட்டில் எவருக்கும் விளங்காதிருக்கும். அந்த இடைக்காலத்தைப் பற்றியே இம்மலரிற் சில சொல்ல விரும்புகின்றோம்.

எமக்கு நன்கு அறிமுகமான ஒரு வீட்டுக்குப் பெறுபேறு வந்த மறுநாட் சென்றிருந்தோம். வீடு செத்தவீடு போலக் கிடந்தது. பிள்ளை அறையை விட்டு வெளியே வரவில்லை. தாயார் பெறுபேற்றை எழுதி வைத்திருந்த தாளை எம்மிடம் நீட்டி, "இரண்டு வருஷம் ரியூசனுக்கு அலைந்தும் தம்பிக்கு ஒன்றுகூட வரவில்லையே" என்றார். தாளைப் பார்த்தோம். பையன் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றிலும் சித்தியடைந்திருந்தான்; இசட் புள்ளி பூச்சியந் தசம் எட்டுக்குச் சற்று மேல். அந்த அம்மையார் அதனை நூற்றுக்கு இடப்பட்ட புள்ளியாகவே கருதியிருந்தார். இலங்கை முழுவதிலும் அப்பாடங்களை எழுதியோரின் நடு நிலைக்குத் தம் மகன் நன்றாக மேலே நிற்கின்றான் என்பதை நாம் எடுத்துச் சொன்னபோது அவர் நம்பவில்லை. பட்டதாரியான தகப்பனாரும் முழுதாக நம்பினாரென்று கூற மாட்டோம்.

இவ்வெண் ஆக்கப்படும் முறை அத்துணைக் கடினமானதன்று. ஒரு பாடத்தில் மாணவன் பெற்ற புள்ளியிலிருந்து, நாடெங்கும் அப்பாடத்துக்குத் தோற்றியோர் யாவரினதும் புள்ளிகளின் இடையைக் கழித்து, எஞ்சியதை நியம விலகலால் வகுக்கின்றனர். மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு வருவனவற்றின் சராசரியே நான்கு தசமதானங்களுடன் பெறுபேற்றில் அச்சாகின்றது. நடுவில் நிற்பவனுக்குப் பூச்சியம். அதற்குக் கீழே நிற்பவனுக்கு மறை எண். உதாரணமாக, ஒரு பாடத்தின் இடை 35, நியம விலகல் 20 எனக் கொள்வோம். அதில் 50 புள்ளி பெற்றவனுக்கு வெறும் 'எஸ்' தரமே கிடைக்கும். ஆனால் இசட் புள்ளி 0.75 ஆகும். இடை 60, நியம விலகல் 15 ஆகவுள்ள மற்றொரு பாடத்தில் 65 பெற்றவன் 'பி' தரத்தோடு மகிழ்ந்திருப்பான். அவனுடைய இசட் புள்ளியோ 0.3333 மாத்திரமே. எழுத்தைப் பார்த்து அழுவதும் எழுத்தைப் பார்த்துச் சிரிப்பதும் ஒரே வகைத் தவறு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? ஒன்று என்றால் நூற்றில் எண்பத்து நான்கு பேருக்கு மேல் என்று புத்தகத்திற் படித்ததை அப்படியே சொல்லுவாரும் உளர். மூன்று எண்களின் சராசரிக்கு அக்கணக்குச் செல்லாதென்பதை எமது கணித ஆசிரியர்கள் ஒரு பாடவேளையில் விளக்கிவிடலாம்.

இம்முறையை நாம் பழிக்க வரவில்லை. 2001இல் இது வருமுன் கடினமான பாடத்தின் புள்ளியையும் இலகுவான பாடத்தின் புள்ளியையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். அதனினும் இது நேர்மையானது. எமது சமூகத்தில் முதியோர் சிலர் இதனைப் பழைய தரப்படுத்தலின் மறுபிறப்பென்று எண்ணுவதையும் கேட்டிருக்கின்றோம். 1970களின் தொடக்கத்திற் பரீட்சை மொழியைக் கொண்டு புள்ளிகள் மாற்றப்பட்டதையும், 1974இல் மாவட்டப் பங்கீடு வந்ததையும், அதனால் எத்தனை பேருடைய வாழ்வு திசைமாறிற்று என்பதையும் அனுபவித்து அறிந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய ஐயத்தை நாம் எள்ளுவதற்கில்லை. ஆயினும் இசட் புள்ளி எழுதிய மொழியைப் பார்ப்பதில்லை. ஒரு பாடத்தை எம்மொழியில் எழுதினோரும் ஒரே தொகுதியே.

மாவட்டக் கணக்கு அதன் பின்னரே வருகின்றது. மருத்துவம், பொறியியல் முதலிய கற்கைநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைப்படியும், 55 வீதமானவை மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், 5 வீதமானவை கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் பகிரப்படுகின்றன. ஆகவே ஒரே எண்ணைப் பெற்ற இருவருள் ஒருவன் மருத்துவ பீடத்துக்குப் போவான். வேறு மாவட்டத்தான் வீட்டிலிருப்பான். இதனைக் கூறி மனங்கசப்போர் எம்மிடையே பலர். ஆய்வுகூடமே காணாது இரசாயனவியல் படித்த முல்லைத்தீவுப் பிள்ளையை நினைப்போர் சிலரே.

எண் என்றால் கல்லில் வெட்டிய எழுத்தென்று கருதுவோர் 2011ஆம் ஆண்டுப் பரீட்சையை நினைவு கூர்தல் நன்று. அவ்வாண்டு பழைய பாடத்திட்டத்தினரும் புதிய பாடத்திட்டத்தினரும் ஒருங்கே தோற்றினர். இரு சாராரையும் சேர்த்து இசட் புள்ளி கணிக்கப்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2012 ஜூனில் நீதிமன்றம் அக்கணிப்பைத் தள்ளி, இரு சாராரையும் வெவ்வேறு தொகுதிகளாகக் கொண்டு மீளக் கணிக்குமாறு தீர்ப்பளித்தது. விடைத்தாளில் ஒரு சொல்லும் மாறவில்லை, எண்கள் மாறின. பையன் டிசெம்பரில் எத்துணை அறிவுடையவனாயிருந்தானோ ஜூலையிலும் அத்துணை அறிவுடையவனே.

இவ்வளவும் தெரிந்த நாம் என்ன செய்கின்றோம்? பெறுபேறு வந்த இரவே தொலைபேசியை எடுத்து, "தம்பி, எவ்வளவு இசட்?" என்று கேட்கின்றோம். கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் பழைய மாணவரும் விடிவதற்குள் கேட்டுவிடுகின்றனர். சாப்பிட்டாயா என்று கேட்பார் இல்லை. மறுவாரம் சந்தியிற் பதாகை ஏறுகின்றது. மூன்று 'ஏ' பெற்ற நால்வர் அல்லது ஐவர் படங்கள் அதில் நிற்கின்றன. அவர்கள் புகழுக்குரியவர்களே, அவர்களை வாழ்த்துகின்றோம். ஆனால் அவ்வழியே சைக்கிளிற் செல்ல மனமின்றிச் சுற்றுப்பாதையாற் போகும் ஏனைய பிள்ளைகளும் இக்கல்லூரியின் வெள்ளைச் சட்டையையே அணிந்தவர்கள். பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுவோருட் கூட மூன்றிலொரு பங்கினருக்கும் அரச பல்கலைக்கழகங்களில் இடங் கிடைப்பதில்லை. இடம் போதாமை நாட்டின் குறை. அதனைப் பிள்ளையின் குறையாக ஆக்குபவர்கள் நாமே. பதாகைக்கு நிதி உதவிய சங்கத்தில் நாமும் உறுப்பினர் என்பதை மறைக்கவில்லை.

பெறுபேற்றுக்கும் வெட்டுப்புள்ளிக்கும் இடைப்பட்ட மாதங்கள் எமக்கே கிடைத்த தவணை என்று கருதுகின்றோம். மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிப்பதா, மறுமுறை தோற்றுவதா என்ற தீர்மானம் அப்போதுதான் எடுக்கப்படுகின்றது. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைக்கு மேல் தோற்ற முடியாதாகையால் ஒவ்வொரு தடவையும் பெறுமதியுடையது. விண்ணப்பத்திற் கற்கைநெறிகளை எவ்வொழுங்கில் எழுதுவதென்பதும் சிறிய விஷயமன்று; பக்கத்து வீட்டுக்காரரின் சொற்கேட்டு ஒழுங்கை மாற்றி எழுதி, விரும்பாத துறையில் நான்கு வருடம் இருந்தோரை நாம் அறிவோம். திறந்த பல்கலைக்கழகம், உயர் தொழில்நுட்பவியல் நிறுவகம், கோப்பாயிலுள்ள தேசியக் கல்வியியற் கல்லூரி ஆகியவற்றின் வாயில்களை இன்றும் பல வீடுகள் இரண்டாந்தர வாயில்களாகவே பார்க்கின்றன. அவற்றின் வழியே சென்று ஆசிரியராகவும் பொறியியல் தொழில்நுட்பவியலாளராகவும் விளங்கும் பழைய மாணவர் எமது சங்கத்திலேயே இருக்கின்றனர். அவர்களைப் பரிசளிப்பு விழா மேடைக்கு ஒருமுறையேனும் அழைத்தோமா என்று சங்கம் தன்னைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இவ்விழாவின் பெயரால் எத்தனையோ கட்டடங்களுக்கு நிதி திரட்டுகின்றோம். எமது வேண்டுகோள் ஒரு மேசையும் நான்கு கதிரைகளுமே. பெறுபேறு வந்த வாரந் தொடங்கி விண்ணப்ப இறுதித் திகதி வரை, சனிக்கிழமைதோறும் காலையில் நூல்நிலையத்தை அடுத்துள்ள அறையில் ஒரு கணித ஆசிரியரும் இரு பழைய மாணவரும் அமர்ந்திருக்கலாம். பிள்ளை தன் தாளோடு வரட்டும். தாய் தந்தையரும் உடன் வரட்டும். எழுத்துத் தரம் யாது, இசட் புள்ளி யாது, மாவட்ட நிலை யாது என ஒவ்வொன்றாய்ச் சொல்லி, முந்திய ஆண்டுகளின் வெட்டுப்புள்ளிகளையும் முன்வைத்து, இவை மாறக்கூடியவை என்பதையும் கூறி அனுப்பலாம். மறை எண்ணோடு வருபவனுக்கு அதிக நேரம் ஒதுக்குதல் வேண்டும். அவனே பெரும்பாலும் வரமாட்டான் ஆதலின் அவனுடைய வகுப்பாசிரியர் வீட்டுக்குச் சென்று அழைத்துவர வேண்டியும் நேரலாம். சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் ஒதுக்க இயலுமான பழைய மாணவர் தத்தம் பெயரைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்து வைப்பார்களாக. எமது பெயரை முன்னரே கொடுத்துவிட்டோம்.