கூலிப்படை என்ற பெயருக்குள் ஒளிந்திருக்கும் ஓட்டை

கூலிப்படைகளுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கை 1989 இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்ததோ 2001 இல்தான். அமெரிக்கா, பிரித்தானியா, ரஷ்யா மூன்றும் அதில் இணையவில்லை. ஏன் இணையப்போகினம்? காசுக்குச் சண்டை பிடிப்பவர்களை அவர்களும்தானே பயன்படுத்துகிறார்கள்!

இணைந்தாலும் ஓட்டை பெரிசு. சண்டை பிடிக்கும் நாட்டின் இராணுவத்திலேயே ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்துவிட்டால், சட்டப்படி அவர் கூலிப்படையாள் இல்லை. ஆள் சேர்ப்பவரையும் காசு கொடுப்பவரையும் உடன்படிக்கை குற்றவாளி என்கிறதுதான். ஆனால் சேர்க்கப்பட்டவர் வரையறைக்குள் வராதபோது அவர்களும் தப்பிவிடுகிறார்கள். நல்ல சம்பளம், சண்டையில்லாத வேலை என்று நம்பி ரஷ்யாவுக்குப் போய்ப் போர்முனையில் செத்த இலங்கையின் முன்னாள் சிப்பாய்கள் இந்த ஓட்டைக்குள்தான் விழுந்தார்கள்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: பெயர் என்னவாகவும் இருக்கட்டும், ஏமாற்றிப் போருக்கு ஆள் பிடிப்பதையே குற்றமாக்குங்கோ.