பத்ராவதி உலை அணையலாமா?

பத்ரா நதிக்கரையில் உள்ள பத்ராவதிக்கு முற்காலத்தில் பெங்கிபுரம் என்று பெயர். வங்கி முனிவர் தவம் செய்த வங்கிபுரமே அப்படித் திரிந்தது என்பார்கள். கன்னடத்தில் பெங்கி என்றால் நெருப்பு. பின்னாளில் அந்த ஊருக்குச் சோறு போட்டதும் உலை நெருப்புதான். அது அணையும் நிலைக்கு வந்திருப்பது கவலைக்குரியது.

ஹொய்சளர் காலத்து லக்ஷ்மிநரசிம்மர் கோயிலைத் தவிர அதிகம் பேசப்படாதிருந்த ஊர் அது. மைசூர் திவானாக இருந்த சர் எம். விசுவேசுவரய்யா வகுத்த திட்டத்தின்படி, 1923-ல் அங்கு இரும்பு ஆலை இயங்கத் தொடங்கியது. இரும்புத் தாது கெம்மண்ணுகுண்டி மலையிலிருந்து வந்தது. மலைநாட்டுக் காடுகள் மரக்கரியைத் தந்தன. தண்ணீருக்கு பத்ரா இருந்தது. ஆரம்பத்தில் ஆலை நஷ்டத்தில் தள்ளாடியபோது, பதவி விலகியிருந்த விசுவேசுவரய்யாவையே அழைத்து நிர்வாகத்தை ஒப்படைத்தது சமஸ்தானம். நஷ்டத்தைக் காட்டி உலையை அணைத்துவிடவில்லை.

1936-ல் மைசூர் காகித ஆலையும் ஏற்பட்டது. பிழைப்புத் தேடித் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஏராளமான குடும்பங்கள் இந்த இரண்டு ஆலைகளை நம்பியே அங்கு வேரூன்றின. பேரன் பேத்திகளுக்குத் தாய்மொழி தமிழ், ஊர் பத்ராவதிதான்.

காகித ஆலை 2015-ல் ஓய்ந்தது. இரும்பு ஆலை 1989-ல் இந்திய உருக்கு ஆணையத்தின் கீழ் வந்தபோது பிறந்த நம்பிக்கையும் நீடிக்கவில்லை. சொந்தச் சுரங்கம் இல்லாத இரும்பு ஆலை, வயல் இல்லாத உழவன் மாதிரி. தனியாருக்கு விற்கும் முயற்சியும் போதிய ஆர்வம் காட்டுவோர் இன்றி 2022-ல் கைவிடப்பட்டது. 2023 ஜனவரியில், ஆலை நூறாண்டைத் தொட்ட அதே மாதத்தில், மூடும் முடிவு வெளியாயிற்று! நூற்றாண்டுப் பரிசாக இதைத் தேர்ந்தெடுத்தவர்களின் சமயோசிதத்தை என்னென்பது?

தொழிலாளர் போராட்டத்திற்குப் பின் சில பகுதிகள் மீண்டும் இயக்கப்பட்டன. 2024-ல் மத்திய உருக்கு அமைச்சர் குமாரசாமி ஆலைக்கே வந்து, புத்துயிர் அளிக்க முயற்சி எடுக்கப்படும் என்றார். வரவேற்கத்தக்க பேச்சு. ஆனால் பேச்சினால் உலை எரியாது.

2001-ல் சுமார் 1,60,000 ஆக இருந்த நகர மக்கள்தொகை 2011-ல் சுமார் 1,51,000 ஆகக் குறைந்தது. நாடெங்கும் நகரங்கள் வீங்கும் காலத்தில் ஒரு தொழில் நகரம் இளைத்தது என்றால், இளைஞர்கள் பெங்களூருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள் என்றே கொள்ளவேண்டியிருக்கிறது. நிரந்தரத் தொழிலாளியை வேறு ஆலைக்கு மாற்றலாம். ஒப்பந்தத் தொழிலாளியை எங்கே மாற்றுவது? மூடுவதனால் அதிகம் அடிபடுபவர் அவர்தாம்.

ஆலைக்கென ஒரு சுரங்கத்தைத் தடையின்றி ஒதுக்குவது முதல் வேலை. மத்திய, மாநில அரசுகள் ஒன்றன்மேல் ஒன்று பழி போடாமல் சேர்ந்து செய்யவேண்டியது இது. முதலீடு எவ்வளவு, எப்போது என்பதைத் தேதியிட்டு அறிவிக்க வேண்டும். அதுவரை ஒப்பந்தத் தொழிலாளருக்கு மாதம் முழுவதும் வேலை கொடுக்க ஆணையம் முன்வர வேண்டும்.