அதான் சோலார் போட்டாச்சே தம்பி!

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எழுதவே இல்லை. ஆபீஸ், வீடு, பையன் டியூஷன்னு வண்டி ஓடிக்கிட்டிருக்கு. இன்னைக்கு எழுத வச்ச புண்ணியம் எங்க ஹவுஸ் ஓனருக்குத்தான். மனுஷன் கெட்டவர்னு சொல்ல மாட்டேன். தீபாவளிக்கு ஸ்வீட் கொடுப்பார், மோட்டார் ரிப்பேர்னா அன்னைக்கே ஆளக் கூட்டிட்டு வருவார். ஆனா அவர் வாயிலிருந்து வந்த ஒரு வரி எனக்குள்ள ரெண்டு மாசமா புகைஞ்சிக்கிட்டே இருக்கு. கொட்டிடறேன்.

நாங்க இருக்கறது தாம்பரம் பக்கத்துல ஒரு வீட்டோட ரெண்டாவது மாடி. எங்க தலைக்கு மேல மொட்டை மாடி. ஓனர் கிரவுண்ட் ஃப்ளோர்ல. சென்னையில வாடகைக்குக் குடியிருந்தவங்களுக்கு இந்த ஏற்பாட்டோட அர்த்தம் சொல்லாமலே புரியும். வெயில் முதல்ல எங்களுக்கு, மிச்சம் மீதி முதல் மாடிக்கு, கீழ போறப்ப வெறும் நிழல்தான்.

போன வருஷம் மாடியில 3 கிலோவாட்டுக்கு சோலார் பேனல் போட்டார். 2024 பிப்ரவரியில மத்திய அரசு ஆரம்பிச்ச பிஎம் சூர்யா கர் திட்டம். 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். சந்தோஷம். நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு நாளைக்கு சராசரியா 12 யூனிட் வரும். பேனல் மாட்டி முடிச்ச அன்னைக்கு கேசரி கூட கொடுத்தாங்க. ஓனரோட பில் குறைஞ்சது. எங்க போர்ஷனுக்கு சப்-மீட்டர், யூனிட்டுக்கு 9 ரூபாய். அது குறையல. சூரியன் கொடுக்கற கரண்டுக்கும் 9 ரூபாயான்னு கேக்கத் தோணிச்சு, வீடு மாத்தற தெம்பு இல்லாததால கேக்கல.

சரி, அது தனி வயித்தெரிச்சல். விஷயத்துக்கு வருவோம்.

மே மாசம் அம்மா ஊர்லருந்து வந்தாங்க. அம்பாசமுத்திரம் பக்கம் பழைய ஓட்டு வீடு எங்களது. பத்து நாள் தங்கறதா பிளான். நாலாவது நாள் காலைல பையைக் கட்டிட்டாங்க. "ஏய்யா, சட்டிக்குள்ள படுத்தாப்ல இருக்குய்யா. எப்படித்தான் புள்ளைய வச்சிட்டு இருக்கீயளோ"ன்னு கேட்டாங்க. எழுபத்தி மூணு வயசு, பிரஷர் மாத்திரை சாப்பிடறவங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ஈரத் துண்ட நெஞ்சுல போட்டுட்டு உக்காந்திருந்ததை நானே பாத்தேன். ஏசி பெட்ரூம்ல மட்டும்தான், அவங்களுக்கோ ஏசி காத்து ஒத்துக்காது. ஃபேனப் போட்டா சீலிங்ல தேங்கின அனலை அப்படியே கீழ இறக்குது.

ரயிலேத்தி விட்டுட்டு வந்து நேரா ஓனர்கிட்ட போனேன். "சார், மாடிக்கு ஒரு கோட் கூலிங் பெயிண்ட் அடிச்சுக் கொடுத்தீங்கன்னா நல்லாருக்கும். ராத்திரி இருக்கவே முடியல." அவர் பேப்பரை மடிச்சு வச்சிட்டு, நிஜமாவே ஆச்சரியமா கேட்டார். "அதான் சோலார் போட்டாச்சே தம்பி, இன்னும் என்ன?"

இந்த "அதான் சோலார் போட்டாச்சே" இருக்கே, இது எங்க ஓனர் ஒருத்தரோட வியாதி இல்லை. நாட்டுக்கே பிடிச்ச வியாதி. பசுமை வீடுன்னு விளம்பரம் போடறாங்க. போய்ப் பாத்தா மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, சன்ஷேடு கிடையாது, ரூமுக்கு ஒரு ஏசி, மேல நாலு பேனல். வெயிலை வீட்டுக்குள்ள விட்டுட்டு, அதே வெயில்ல கரண்ட் எடுத்து, அந்தக் கரண்டை வச்சு உள்ள வந்த வெயிலை வெளிய தள்ளறது! பொத்தப் பானையில தண்ணி நிக்கலன்னு ரெண்டாவது குழாய் இழுத்த கதை.

கொஞ்சம் கணக்கு பாப்போம், போரடிக்காம. தெளிவான நாள்ல உச்சி வெயில் சதுர மீட்டருக்கு சுமார் 1 கிலோவாட். எங்க பெட்ரூம் 120 சதுர அடி, அதாவது 11 சதுர மீட்டர். ஆக அந்த ஒரு ரூம் கூரை மேல மட்டும் 11 கிலோவாட் வெயில் விழுது. ஒரு டன் ஏசியோட மொத்த சக்தியே 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேத்தறதுதான். விழற வெயில் எல்லாம் உள்ள வந்துடாது, பெரும்பகுதி காத்தோட போயிடும். ஆனா பாசி பிடிச்ச கருத்த காங்கிரீட் அதுல பாதிக்கு மேல குடிச்சிட்டு, ஒரு பங்கைக் கீழ அனுப்புது. அஞ்சு இஞ்ச் காங்கிரீட்ல வெப்பம் கீழ வந்து சேர நாலு மணி நேரம் போல ஆகும். ஒரு மணி வெயில் சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் சீலிங்கைத் தொடுது. ஸ்கூல் விட்டுப் பையன் வர்ற நேரத்துக்குத்தான் வீடு கொதிக்கவே ஆரம்பிக்குது, நடுராத்திரி வரைக்கும் கக்குது.

அந்த நேரத்துல பேனல் என்ன பண்ணிட்டு இருக்கும்? தூங்கிட்டு இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு ஏசிக்கு வர்ற கரண்ட் பெரும்பாலும் நிலக்கரி எரிச்ச கரண்ட்தான். பகல்ல நாம கிரிட்டுக்குக் கொடுத்ததை ராத்திரி எடுத்ததோட கழிச்சு பில்லுல நேர் பண்ணிடறாங்க. பேப்பர்ல பூஜ்யம், கொதிகலன்ல கரி.

சோலார் வேண்டாம்னு சொல்றேன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க. 2024 மே 2-ந் தேதி தமிழ்நாட்டோட மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டுச்சு. வரட்டும், எல்லா மாடியிலயும் வரட்டும். நான் கேக்கறது வரிசை. முதல்ல கூரை, அப்புறம் ஃபேன், அப்புறம் ஏசி, அப்புறம் பேனல். நாம தலைகீழா நிக்கறோம்.

இதுல ஒரு வேடிக்கை. 3 கிலோவாட் பேனல் சுமார் 300 சதுர அடி இடத்தை மறைக்குது. எங்க ஓனர் மாட்டின இடம் சரியா எங்க ஹாலுக்கு மேல. அந்த ஹால்ல மட்டும் ராத்திரி ஓரளவு படுக்க முடியுது. பெட்ரூம் மேல வெறும் தளம். தங்கமணிதான் முதல்ல கண்டுபிடிச்சது. "ஏங்க, ஹால் சீலிங்ல கை வச்சுப் பாருங்க, அப்புறம் பெட்ரூம்ல வச்சுப் பாருங்க." ஸ்டூல் போட்டு ஏறிப் பாத்தேன். ராத்திரி ஒன்பது மணி. ஹால்ல கையை வச்சு நின்னுட்டே பேசலாம். பெட்ரூம்ல பத்து செகண்ட் கூட வைக்கப் பிடிக்கல. ஆக ஒரு லட்ச ரூபாய்க்கு மேல செலவு பண்ணிப் போட்ட பேனல்ல இருந்து எங்களுக்குக் கிடைச்ச ஒரே லாபம் அதோட நிழல் :-) பந்தல் போட்டிருந்தாலும் அதைத்தானே கொடுத்திருக்கும்?

நம்ம தாத்தாக்களுக்கு இது தெரியாமலா இருந்துச்சு? பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு பாத்திருப்பீங்க. தேக்கு உத்தரம், அது மேல சின்னச் செங்கலை சுண்ணாம்புச் சாந்துல குறுக்கா நிறுத்தி வச்சு அடுக்கி, அது மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் ஊத்தி பெண்கள் வரிசையா உக்காந்து நாள்கணக்குல தட்டி இறுக்குவாங்க. அதுக்கு மேல தட்டோடு. மே மாசம் அந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சா சட்டுனு ஒரு அமைதி வரும்.

காங்கிரீட் வந்த பிறகும் ரொம்ப நாளைக்கு இந்தச் செங்கல் ஜல்லி, தட்டோடு வழக்கம் போகல. இப்ப கொத்தனார்கிட்ட கேட்டா, "அதெல்லாம் யாரு சார் இப்ப போடறா, வாட்டர் ப்ரூஃப் அடிச்சு விட்டுடலாம்"கறார். மழைக்கு வாட்டர் ப்ரூஃப். வெயிலுக்கு? ஏசி வாங்கிக்கோ. வாங்கறது யாரு? குடியிருக்கறவன்.

இதுதான் மக்களே நான் சொல்ல வந்தது. கூரையை மோசமாப் போட்டு காசு மிச்சம் பிடிக்கறவர் ஒருத்தர். அந்தக் காசை மாசாமாசம் கரண்ட் பில்லா கட்டறவன் இன்னொருத்தன். கட்டறவனுக்குக் கூரையைத் தொட உரிமை இல்லை. உரிமை இருக்கறவருக்கு சுடறதில்லை, அவர் கிரவுண்ட் ஃப்ளோர்ல இருக்கார். மானியம் யாருக்கு? கூரை சொந்தமா இருக்கறவருக்கு.

சட்டம் இல்லையான்னு கேப்பீங்க. இருக்கே! 2018 டிசம்பர்ல மத்திய அரசு வீடுகளுக்குன்னே எகோ நிவாஸ் சம்ஹிதான்னு ஒரு விதித் தொகுப்பு கொண்டு வந்தது. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, கூரை வழியா சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல வெப்பம் கடக்கக் கூடாதுங்குது. நம்ம வெறும் காங்கிரீட் தளத்துல அது 3-க்கு மேல போகும். அருமையான விதி. யாருக்கு? 500 சதுர மீட்டர், அதுக்கு மேல மனை இருக்கற கட்டடங்களுக்கு. 2023-ல தெலங்கானா கூரைக்குன்னே தனிக் கொள்கை போட்டது, அதுக்குக் கைதட்டலாம். ஆனா வீடுகள்ல 600 சதுர கஜத்துக்கு மேல மனை இருந்தாத்தான் கட்டாயம், குறைஞ்சா அவங்கவங்க விருப்பம். ரெண்டும் நம்ம ஊர்க் கணக்குல ஏறக்குறைய ரெண்டேகால் கிரவுண்ட். தாம்பரத்துல ரெண்டேகால் கிரவுண்ட்ல தனி வீடு கட்டி இருக்கறவருக்கு வேப்பமரமே ரெண்டு நிக்கும் சார். வேகறது அரை கிரவுண்ட்ல மூணு மாடி எழுப்பின வீட்டோட உச்சியில இருக்கறவன். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழ இருக்கறவனைப் பத்திச் சொல்லவே வேண்டாம். உருப்படியா அகமதாபாத்ல 2017-ல ஏழைங்க வீடு சுமார் 3,000 கூரைக்கு வெள்ளை அடிச்சாங்க. நோய் எங்கயோ அங்க மருந்து.

கடைசியில நானே ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இறங்கிட்டேன். ஓனர்கிட்ட அனுமதி வாங்கித்தான். "உங்க செலவுன்னா எனக்கென்ன தம்பி"ன்னார். சுண்ணாம்பு, ஃபெவிகால், ரெண்டு பிரஷ் எல்லாம் சேத்து ரெண்டாயிரத்துக்குள்ள. நானும் பையனும் கூட்டிப் பெருக்கி, கழுவி, பேனல் இல்லாத இடம் முழுக்க ரெண்டு கோட் அடிச்சோம். இடுப்பு போச்சு.

குளிர் பிரதேசம் ஆயிடுச்சுன்னு புளுக மாட்டேன். சென்னை புழுக்கத்துக்கு சுண்ணாம்பு மருந்தில்லை, அக்னி நட்சத்திரத்துல ஏசி இல்லாம எங்களால முடியாது. ஆனா முன்னாடி விடிய விடிய ஓடின கம்ப்ரஸர் இப்ப பதினொன்றரைக்கெல்லாம் மூச்சு வாங்கி நிக்குது. பெட்ரூம் சீலிங்ல கை வைக்க முடியுது. ஹால்ல இருந்த பழைய 75 வாட் ஃபேனைக் கழட்டிட்டு 30 வாட் பிஎல்டிசி போட்டேன். தினம் 12 மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துக்கு 32 யூனிட் மிச்சம். ஃபேனும் நான் வாங்கினதுதான், வீடு மாறும்போது கழட்டிட்டுப் போயிடலாம். சுண்ணாம்பைச் சுரண்டிட்டுப் போக முடியாது.

ஒரு பேனலுக்குக் கொடுக்கற 78,000-ல இந்தக் கணக்குக்கு 39 மாடிக்கு வெள்ளை அடிக்கலாம். பேனல் மானியம் வேணுமா, முதல்ல மாடிக்கு வெள்ளை அடிச்சு போட்டோ அனுப்புன்னு ஒரு வரி சேத்தா என்ன குறைஞ்சிடும்? வீட்டு வரி போடும்போது உச்சி மாடியை வாடகைக்கு விட்டவர்கிட்ட கூரைல என்ன போட்டிருக்கீங்கன்னு ஒரு கேள்வி கேட்டா என்ன?

அடுத்த மாசம் வாடகை அக்ரிமெண்ட் புதுப்பிக்கணும். நேத்து ஓனர் மேல வந்தார். மாடியைச் சுத்திப் பாத்தார், வீட்டுக்குள்ள வந்து உக்காந்தார், காபி குடிச்சார். "பரவால்லியே தம்பி, வீடு நல்லா ஜில்லுன்னு இருக்கு"ன்னார். வாடகை ஐநூறு ஏத்தியிருக்கார்.

பி.கு: செய்யறதா இருந்தா மாசி கடைசியிலயே அடிச்சிடுங்க, நான் வைகாசியில அடிச்சு பாதி வெயிலை விட்டுட்டேன். ஐப்பசி மழைல பாதி கரைஞ்சிடும், வருஷா வருஷம் ஒரு கோட் வேணும். சுண்ணாம்பு கலக்கறப்ப கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை கட்டாயம். அப்புறம் மத்தியானம் வெள்ளை மாடியில வடகம் காயப்போடப் போனா கண்ணு கூசும், தங்கமணி சொல்லச் சொன்னாங்க.